உந்துதண்டில் ஒரு பிரேக்: கரடுவழி வண்டிகளின் கைப்பிரேக் வரலாறு

ஓடும் வண்டியை நிறுத்துவதும், நின்ற வண்டியை நின்ற இடத்திலேயே இருத்திவைப்பதும் ஒரே வேலையின் இரு பகுதிகளாகத் தோன்றினாலும், பொறியியல் நோக்கில் இரண்டுக்கும் தேவைப்படுபவை வேறு வேறு. ஓட்டத்திலிருக்கும் வண்டியின் இயக்க ஆற்றல் முழுவதையும் வெப்பமாக மாற்றிக் காற்றில் கலந்துவிட வேண்டிய பொறுப்பு கால் பிரேக்கினுடையது என்பதால், அதற்கு அகன்ற உராய்வுப் பரப்பும் நல்ல காற்றோட்டமும் வேண்டும். கைப்பிரேக்குக்கு வெப்பம் ஒரு பொருட்டே அல்ல. மிதித்துக்கொண்டிருக்க யாரும் இல்லாத வேளையில், எண்ணெயின் அழுத்தத்தையோ இயந்திரத்தின் துணையையோ எதிர்பாராமல், மணிக்கணக்கில் ஒரே விசையோடு பிடித்துக்கொண்டிருப்பதுதான் அதன் கடமை. சமதளச் சாலையில் தளர்ந்த கைப்பிரேக்கோடு ஆண்டுக்கணக்கில் வண்டி ஓட்டுபவர்கள் உண்டு. ஆனால் மலைச்சரிவிலும் பாறைப் படுகையிலும் ஏறி இறங்கும் நான்கு சக்கர இயக்க வண்டிகளில், சரிவின் கீழ்ப்புறம் நின்று இழுவைக் கம்பியை மாட்டுகிற மனிதரின் உயிர் அந்த ஒரு பிடியை நம்பியிருக்கிறது. அத்தகைய வண்டிகளில் கைப்பிரேக் முதலில் எங்கே பொருத்தப்பட்டது, அங்கிருந்து ஏன் பெயர்ந்தது, பின்னர் சிறு பட்டறைகளின் முயற்சியால் ஏன் பழைய இடத்துக்கே மீண்டது என்பது மோட்டார் வரலாற்றில் போதிய கவனம் பெறாத பகுதியாகும்.

தொடக்க கால மோட்டார் வண்டிகளில் இன்றைய வழக்கத்துக்கு நேர்மாறான ஏற்பாடே இருந்தது. 1901-இல் டைம்லர் நிறுவனம் கட்டிய 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் வண்டியில், கை நெம்புகோல் பின்சக்கரங்களிலிருந்த டிரம்களைப் பிடித்தது. கால் மிதியோ சங்கிலிகளைச் சுழற்றும் இடைத்தண்டைப் பிடித்தது. 1908-இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி வண்டியிலும் கால் மிதி கியர் பெட்டிக்குள்ளிருந்த டிரம்மின் மேல் ஒரு பட்டையை இறுக்கியது. பின்சக்கரங்களின் சிறிய டிரம்கள் கை நெம்புகோலுக்கு உரியவையாக இருந்தன. அதாவது, கால் மிதியின் வேலை தண்டிலும், கை நெம்புகோலின் வேலை சக்கரத்திலும் நடைபெற்றன. இதற்குக் காரணம் எளிமையானது. கியர் பெட்டியும் அதன் தண்டும் சேஸிஸோடு பிணைந்து ஆடாமல் நிற்பவை. சக்கரங்களோ ஸ்பிரிங்குகளின் மேல் ஓயாமல் ஏறியிறங்குபவை. கம்பியும் நெம்புகோலும் மட்டுமே இருந்த காலத்தில், ஆடாத பகுதியைப் பிடிப்பது எளிதாகவும், ஆடும் பகுதியை இரு பக்கமும் ஒரே அளவில் பிடிப்பது கடினமாகவும் இருந்தது.

எண்ணெயழுத்தப் பிரேக் இந்த நிலையை மாற்றியது. மால்கம் லாக்ஹீடின் கண்டுபிடிப்பை ஒட்டி 1921-இல் டியூசன்பர்க் வண்டியும், 1924-இல் கிரைஸ்லர் வண்டியும் நான்கு சக்கரங்களிலும் எண்ணெய்க் குழாய் வழியே இயங்கும் பிரேக்குகளைக் கொண்டுவந்த பிறகு, கால் பிரேக் நிலையாகச் சக்கரத்துக்குப் போய்விட்டது. இப்போது காலியாகக் கிடந்த தண்டு கைப்பிரேக்குக்கு உரியதாயிற்று. கிரைஸ்லர் நிறுவனத்தின் கார்கள் கியர் பெட்டியின் பின்முனையிலேயே கைப்பிரேக்கை வைத்துப் பல பத்தாண்டுகள் ஓடின. அமெரிக்க லாரிகள் பலவற்றிலும் இதே அமைப்பு நீடித்தது. ஜீப் பிறந்த காலத்தில், தண்டுப் பிரேக் என்பது அமெரிக்கப் பொறியாளர்களுக்கு நன்கு பழகிய ஒன்றாகவே இருந்தது.

1940 ஜூலையில் அமெரிக்கத் தரைப்படை ஒரு சிறிய நான்கு சக்கர இயக்க வண்டிக்காக 135 நிறுவனங்களுக்கு அழைப்பு அனுப்பி, மாதிரி வண்டியை 49 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று கெடு விதித்தது. பென்சில்வேனியாவின் பட்லர் நகரிலிருந்த பேன்டம் நிறுவனம், கார்ல் ப்ராப்ஸ்ட் வரைந்த திட்டத்தின்படி கட்டிய வண்டியை அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று மேரிலாந்தின் ஹோலபேர்ட் முகாமில் ஒப்படைத்தது. அதைத் தொடர்ந்து வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் களமிறங்கி, போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைக் கட்டிக்கொடுத்தன. இந்த வண்டிகளில் கியர் பெட்டிக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் இரண்டாவது பெட்டி இருந்தது. இயந்திரத்தின் திறனை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்தனுப்புவதும், செங்குத்தான ஏற்றங்களுக்காகக் குறைவேகக் கியரைத் தருவதும் அதன் வேலைகள். அதிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் உந்துதண்டின், அதாவது பட்டறைகளில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று வழங்கப்படும் நீண்ட சுழல்குழாயின், தொடக்க முனையில் ஆறு அங்குல விட்டமுள்ள சிறிய டிரம் ஒன்று பொருத்தப்பட்டு, அதன் வெளிப்புறத்தை வளைத்துப் பிடிக்கும் லைனிங் ஒட்டிய பட்டையே கைப்பிரேக்காகச் செயற்பட்டது. ஓட்டுநர் டேஷ்போர்டின் நடுவிலிருந்த கைப்பிடியை இழுத்ததும் ஒரே ஒரு கேபிள் அந்தப் பட்டையை இறுக்கியது.

இந்த இடத்தேர்வின் சிறப்பு அச்சின் பல்விகிதத்தில் இருக்கிறது. வில்லிஸ் ஜீப்பின் பின் அச்சிலுள்ள பினியன் 4.88 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். இதையே திருப்பிப் பார்த்தால், உந்துதண்டில் செலுத்தப்படும் ஒரு பங்கு முறுக்கு எதிர்ப்பு சக்கரங்களில் 4.88 பங்காகப் பெருகி நிற்கிறது. ஆகவே ஆறு அங்குல டிரம் ஒன்று, கையால் இழுக்கும் விசையைக் கொண்டே, ஏற்றத்தில் நிற்கும் வண்டியைத் தாங்கிவிட முடிந்தது. சக்கரங்களின் பக்கம் கேபிள்களை இழுத்துச் சென்றிருந்தால் அவை மேலும் கீழும் ஆடும் அச்சோடு சேர்ந்து ஆடியிருக்கும். புதரும் கல்லும் அவற்றை அறுத்திருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்முனையோ சேஸிஸின் நடுவில், சக்கரக் குழிகளின் சேற்றிலிருந்து விலகி, ஓரளவு உயரத்தில் இருந்தது. ஒரு டிரம், ஒரு கேபிள், சரிசெய்ய ஒரு திருகு என்ற அளவில் முடிந்துவிட்ட அந்த ஏற்பாட்டைப் போர்க்களத்து மெக்கானிக் மண்ணில் படுத்தபடியே பழுதுபார்க்க முடிந்தது. வெளிப்புறப் பட்டை நீரிலும் மண்ணிலும் எளிதில் நனைந்து வழுக்கியது என்பதால், போரின் பிற்பகுதியில் டிரம்முக்கு உள்ளிருந்து ஷூக்கள் விரிந்து பிடிக்கும் அமைப்பு அதன் இடத்தைப் பிடித்தது.

போருக்குப் பின் உலகின் மலைகளையும் பாலைகளையும் ஆண்ட வண்டிகள் பலவும் ஏதோ ஒரு வகையில் இந்த ஜீப்பின் வழிவந்தவை. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவரின் முதல் மாதிரியை மாரிஸ் வில்க்ஸின் குழுவினர் ஒரு ஜீப்பின் சேஸிஸ் மீதே கட்டினர். அதன் கைப்பிரேக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்முனையிலேயே அமைந்தது. 1960-இல் தொடங்கிய டொயோட்டா லேண்ட் குரூசர் 40 வரிசையும் நெடுங்காலம் இதே முறையைப் பின்பற்றியது. விடுதலைக்குப் பின் மும்பையில் மகிந்திரா நிறுவனம் உரிமம் பெற்றுக் கட்டிய ஜீப்புகளின் வழியாக இந்தத் தண்டுப் பிரேக் இந்தியாவின் வனத்துறைக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. நம் மலைப்பாதைகளில் ஜீப்பை நிறுத்தியதும் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, அதோடு நில்லாமல் சக்கரத்துக்கு ஒரு கல்லையோ முட்டுக்கட்டையையோ கொடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. அந்த வழக்கத்துக்கு ஓட்டுநரின் அனுபவம் மட்டுமல்லாமல் பொறியியல் காரணமும் இருக்கிறது.

அந்தக் காரணம் டிஃபரன்ஷியல். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதல் தொலைவும் உட்சக்கரம் குறைந்த தொலைவும் உருள வேண்டியிருப்பதால், அச்சின் நடுவிலுள்ள இந்தப் பல்சக்கரத் தொகுதி இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிக்கிறது. உந்துதண்டை அசையாமல் பிடித்துவிட்டால் இரு சக்கரங்களின் சராசரிச் சுழற்சிதான் சுழியமாகிறதே தவிர, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே பூட்டப்படுவதில்லை. ஒன்று முன்னோக்கிச் சுழன்றால் மற்றது அதே அளவு பின்னோக்கிச் சுழல எந்தத் தடையும் இல்லை. இரண்டும் கெட்டியான தரையைப் பற்றியிருக்கும்வரை இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. ஆனால் டயர் மாற்றுவதற்காக ஒரு பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிய மறுகணம், அந்தரத்தில் இருக்கும் சக்கரம் எதிர்ப்புறம் சுழல, தரையிலிருக்கும் சக்கரம் உருண்டு, கைப்பிரேக் முழுமையாக இழுக்கப்பட்டிருந்தும் வண்டி ஜாக்கியிலிருந்து சரிந்துவிடுகிறது. ஒரு சக்கரம் சேற்றிலோ ஈரமான பாறையிலோ நிற்கும்போதும் இதே கதைதான். பிடி குறைந்த சக்கரம் எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவே மற்றதும் தாங்கும். நான்கு சக்கர இயக்கத்தை இணைத்துவைத்தால் முன் அச்சும் இதில் பங்கேற்கிறது என்பதால், இத்தகைய வண்டிகளைத் தூக்குவதற்கு முன், முன் பின் அச்சுகளுக்கு இடையிலுள்ள நடு டிஃபரன்ஷியலைப் பூட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடு என்ற அறிவுரை லேண்ட் ரோவர் ஓட்டுபவர்களின் அடிப்படைப் பாடமாயிற்று.

இரண்டாவது குறை எண்ணெய்க் கசிவு. டிரம் இருக்கும் இடமும் டிரான்ஸ்ஃபர் பெட்டியின் எண்ணெய் சீல் இருக்கும் இடமும் ஒன்றே என்பதால், சீல் தேய்ந்து கசியத் தொடங்கினால் எண்ணெய் நேராக லைனிங்கின் மேல் படிந்து பிடியைக் கெடுத்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது தண்டுப் பிரேக்கை இழுத்துவிடும் ஆபத்து மூன்றாவது. நின்ற நிலையில் வரமாக இருந்த அந்த 4.88 மடங்குப் பெருக்கம், ஓட்டத்தில் முழு வண்டியின் விசையையும் யுனிவர்சல் ஜாயிண்ட்டின் மீதும் பினியனின் மீதும் திருப்பிவிடக்கூடியது. கால் பிரேக் பழுதானால் கைப்பிரேக்கே மாற்று என்ற எண்ணத்தோடு சாலைக் காரோட்டிப் பழகியவர்களுக்கு இது விளங்காமல் போனது.

1960-களின் இறுதியில் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புத் தர விதிகள் வந்தன. பிரேக்குகளைப் பற்றிய விதி, நிறுத்தத்துக்கான பிரேக் உராய்வால் இயங்க வேண்டும், இழுத்த நிலையில் அதை இருத்திவைப்பது முற்றிலும் இயந்திர வழியில் மட்டுமே நடக்க வேண்டும், குறித்த சரிவில் ஐந்து நிமிடம் வண்டி அசையாமல் நிற்க வேண்டும் என்ற தெளிவான வரையறைகளைத் தந்தது. இந்த விதி தண்டுப் பிரேக்கைத் தடை செய்யவில்லை. ஆயினும் ஜீப்பை வாங்குபவர்கள் உழவரிலிருந்தும் ராணுவத்திலிருந்தும் நகரக் குடும்பங்களுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. 1970-இல் ஜீப் நிறுவனத்தை வாங்கிய அமெரிக்கன் மோட்டார்ஸ், 1972-ஆம் ஆண்டு மாதிரிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்றியபோது, கைப்பிரேக் பின்சக்கர டிரம்களுக்குப் போயிற்று. கால் பிரேக்கின் ஷூக்களையே கேபிளும் விரித்துப் பிடிக்கும் அந்த ஏற்பாட்டில் டிஃபரன்ஷியலின் குறுக்கீடு இல்லை. ஒவ்வொரு பின்சக்கரமும் தன்னளவில் பூட்டப்பட்டது. டொயோட்டாவும் பிற்காலத்தில் அதே திசையில் சென்றது. சாலைக்கென்று பார்த்தால் இது நியாயமான முன்னேற்றம்.

ஆனால் இந்த வண்டிகள் சாலையில் மட்டும் ஓடவில்லை. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில், ஜார்ஜ்டவுனிலிருந்து டாஹோ ஏரியை நோக்கிச் செல்லும் ரூபிகான் தடத்தில் 1953-இல் தொடங்கிய ஜீப்பர்ஸ் ஜாம்போரி என்னும் கூட்டுப் பயணமும், யூட்டா மாநிலத்தின் மோவாப் நகரில் 1967-இல் தொடங்கிய ஈஸ்டர் ஜீப் சஃபாரியும், பாறையின் மேல் வண்டி ஏற்றுவதை ஒரு பொழுதுபோக்காக, பின்னர் ஒரு தனிக்கலையாக வளர்த்தன. பாறை ஏற ஏற டயர் பெரிதாகியது. போர்க்கால ஜீப்பின் டயர் ஏறத்தாழ 28 அங்குல விட்டமுடையது. 1990-களிலும் அதற்குப் பின்னும் 35, 37 அங்குல டயர்கள் இயல்பாகிவிட்டன. பெரிய டயரின் எடையைத் தொழிற்சாலை அச்சு தாங்காமல் முறிந்ததால், லாரிகளிலிருந்தும் பழைய ஃபோர்டு, ஷெவர்லே வண்டிகளிலிருந்தும் கனத்த அச்சுகளை எடுத்து மாட்டினார்கள். சேற்றில் நிரம்பிப் பிடியிழக்கும் டிரம் பிரேக்குக்குப் பதிலாகப் பின்சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்கைப் பொருத்தினார்கள். கைப்பிரேக் தொலைந்தது இந்தக் கட்டத்தில்தான். டிரம்மோடு சேர்ந்து அதற்குள்ளிருந்த கேபிளும் நெம்புகோலும் போயின. லாரியிலிருந்து எடுத்துப் பொருத்திய டிஸ்க் காலிப்பரில் எண்ணெய்க் குழாய்க்கான துளை மட்டுமே இருந்தது. தொழிற்சாலை வைத்த கைப்பிடி ஓட்டுநரின் அருகிலேயே இருக்க, அதன் கேபிள் எதிலும் இணையாமல் அச்சின் மேல் சுருட்டிக் கட்டப்பட்டுக் கிடந்த வண்டிகள் ஏராளம்.

இந்த இழப்பை ஈடுசெய்ய மூன்று வழிகள் முயன்று பார்க்கப்பட்டன. 1970-களின் பிற்பகுதியில் வந்த காடிலாக் எல்டொராடோ காரின் பின் காலிப்பரில், பிஸ்டனுக்குள்ளேயே ஒரு திருகாணி அமைந்து, கேபிள் இழுக்கும்போது அது சுழன்று பேடை அழுத்தும் ஏற்பாடு இருந்தது. பழைய வண்டிகள் உடைக்கும் இடங்களில் இந்தக் காலிப்பர்களுக்கு நல்ல கிராக்கி உண்டாயிற்று. ஆயினும் அந்தத் திருகாணி, கைப்பிரேக்கை அடிக்கடி இழுத்துவிட்டால் மட்டுமே பேடின் தேய்மானத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் தன்மையது; வாரக்கணக்கில் தொடாமல் விட்டால் இடைவெளி கூடி, கைப்பிரேக்கோடு கால் மிதியும் ஆழமாக இறங்கத் தொடங்கியது. இரண்டாவது வழி, டிஸ்க்கின் நடுக்குழிவுக்குள் சிறிய டிரம் ஒன்றைத் தனியே கொண்ட அச்சுகளைத் தேடிப் பொருத்துவது. 1995 முதல் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் வந்த பின் அச்சு இவ்வகையில் பெரிதும் நாடப்பட்டது. நடுத்தர அளவு டயர்களுக்கு இது நல்ல தீர்வே.

மூன்றாவது வழி லைன் லாக் எனப்படும் அடைப்பு வால்வு. கால் பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு வால்வைத் திருப்பினால், குழாயில் ஏறிய எண்ணெயழுத்தம் திரும்ப வழியின்றி அங்கேயே சிறைப்பட்டுப் பேடுகளை அழுத்திக்கொண்டிருக்கும். ஏற்றத்தின் நடுவில் இயந்திரம் அணைந்துவிட்டால் சில நிமிடங்களுக்கு வண்டியைப் பிடித்துவைக்க இது மிகவும் உதவும். ஆனால் இதைக் கைப்பிரேக் என்று கொள்வது ஆபத்தான பிழை. சூடான எண்ணெய் குளிரக் குளிரச் சுருங்கி அழுத்தம் இறங்கும். ரப்பர் சீல்களின் வழியே கண்ணுக்குத் தெரியாத கசிவு இருந்தாலும் அதே விளைவுதான். மேலும், கால் பிரேக்கின் குழாய் வெடித்தால் இதுவும் சேர்ந்தே போய்விடும் என்பதால், ஒன்று பழுதானால் மற்றொன்று காக்க வேண்டும் என்ற அடிப்படையே இங்கு அடிபட்டுப்போகிறது. பிடியை இருத்திவைப்பது முற்றிலும் இயந்திர வழியில் மட்டுமே நடக்க வேண்டும் என்று விதி எழுதியவர்கள் வலியுறுத்தியதன் பொருள், சரிவில் பூட்டிவிட்டுப் போன வண்டி மாலையில் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பதுதான்.

இந்த நிலையில்தான் பாறைவழி வண்டிகளைக் கட்டிய பட்டறைக்காரர்களின் பார்வை மீண்டும் உந்துதண்டின் மேல் விழுந்தது. பழைய டிரம்மின் இடத்தில் இப்போது டிஸ்க் வந்தது. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்முனையில், உந்துதண்டை ஏற்கும் யோக் எனப்படும் கவைத் துண்டுக்குப் பின்னால் ஒரு வட்டத் தகட்டைத் திருகி, பெட்டியின் உடலோடு பிணைத்த தடித்த இரும்புத் தாங்கியில் சிறிய காலிப்பர் ஒன்றை மாட்டி, அதைக் கேபிளால் இயக்கினார்கள். இந்தக் காலிப்பரில் எண்ணெயே கிடையாது; நெம்புகோல் திரும்பும்போது, சரிவான குழிகளில் அமர்ந்த குண்டுகள் ஏறியோ திருகாணி முன்னேறியோ பேடை டிஸ்க்கோடு அழுத்தும். ஓட்டுநரின் பக்கத்தில் பல்பூட்டுடைய கைநெம்புகோல் இருந்து, இழுத்த நிலையைப் பிடித்துக்கொள்ளும். இத்தகைய தொகுதிகளைச் சிறு நிறுவனங்கள் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஏற்றபடி விற்பனைக்குக் கொண்டுவந்தன. பிரிட்டனில் லேண்ட் ரோவர் டிரம்முக்கு மாற்றாக விற்கப்படும் எக்ஸ்-பிரேக் என்னும் டிஸ்க் தொகுதியும் இதே எண்ணத்தின் விளைவு.

இந்த மீட்சிக்குப் பின்னாலிருக்கும் கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்பது பயனுள்ளது. 2,000 கிலோ எடையுள்ள வண்டி ஒன்று, 100 அடி தொலைவுக்கு 20 அடி உயரும் சரிவில் நிற்பதாகக் கொண்டால், அதைக் கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ 3,850 நியூட்டன், அதாவது 390 கிலோ எடைக்கு நிகரானது. 28 அங்குல டயரில் இந்த விசை சக்கரத்தைச் சுழற்ற முனையும் முறுக்கு 1,370 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்க, 37 அங்குல டயரில் அது 1,810 வரை உயர்ந்துவிடுகிறது. டயரை மாற்றியதாலேயே அதே சரிவில் கைப்பிரேக்கின் சுமை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. இந்தச் சுமையை இரு பின்சக்கர டிஸ்க்குகளிலும் பகிர்ந்து பிடிக்க வேண்டுமானால், உராய்வுக் கெழு 0.4 என்றும் பேட் பிடிக்கும் ஆரம் 13 செ.மீ. என்றும் கொண்டால், ஒவ்வொரு காலிப்பரும் ஏறத்தாழ 8,700 நியூட்டன் விசையோடு இறுக்க வேண்டும். உந்துதண்டில் 4.88 பல்விகிதம் சுமையை 370 நியூட்டன் மீட்டராகக் குறைத்துவிடுவதால், 10 செ.மீ. ஆரத்தில் பிடிக்கும் ஒரே காலிப்பர் ஏறத்தாழ 4,600 நியூட்டன் கொடுத்தால் போதும். கைநெம்புகோலும் காலிப்பரின் உள்நெம்புகோலும் சேர்ந்து பெருக்கித் தரும் விசைக்கு இது எட்டும் தொலைவுதான். பெரிய டயருக்கு ஈடாகப் பல்விகிதத்தை 5.38 என்றோ அதற்கு மேலோ உயர்த்துவது இந்த வண்டிகளில் வழக்கம் என்பதால், தண்டுப் பிரேக்கின் பிடியும் அதோடு சேர்ந்தே உயர்ந்துவிடுகிறது.

பழைய பெருங்குறையான டிஃபரன்ஷியல் என்ன ஆயிற்று என்ற கேள்வி எழும். அதைத் தீர்த்தது பிரேக் அல்ல, லாக்கர் என்னும் மற்றொரு கருவி. இரு சக்கரங்களையும் ஒரே தண்டாகப் பிணைத்து ஒரே வேகத்தில் சுழலச் செய்யும் இந்தப் பூட்டு, ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும் பாறைத் தடங்களில் இன்றியமையாதது. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனம் 1980-களின் இறுதி முதல் விற்றுவரும் காற்றழுத்த லாக்கர், ஓட்டுநர் வேண்டும்போது பூட்டவும் விடுக்கவும் வழிசெய்தது. பின் அச்சு பூட்டப்பட்டிருக்கும்போது உந்துதண்டைப் பிடித்தால் இரு பின்சக்கரங்களும் உறுதியாகப் பிடிக்கப்படும். நான்கு சக்கர இயக்கமும் முன் லாக்கரும் சேர்ந்தால் ஒரே காலிப்பர் நான்கு டயர்களையும் இருத்திவிடும். ஜீப்பின் காலத்தில் சமரசமாக இருந்த அமைப்பு, இடையில் வந்த ஒரு கண்டுபிடிப்பால் சக்கரப் பிரேக்கையும் விஞ்சியது என்பதே இந்த வரலாற்றின் மையம் எனலாம். டிரான்ஸ்ஃபர் கேஸை நடுநிலையில் வைத்தால் கியர் பெட்டியின் பூட்டோ இயந்திரத்தின் அமுக்கமோ சக்கரத்தை எட்டாது. ஆனால் அதற்கு அப்பால், தண்டில் இருக்கும் பிரேக் அப்போதும் பிடிக்கும் என்பது வின்ச் கொண்டு இழுப்பவர்களுக்குக் கிடைத்த கூடுதல் பாதுகாப்பு.

பொருத்தும் வேலையில் கவனிக்க வேண்டியவை இந்த அமைப்பின் இயல்பிலிருந்தே பிறக்கின்றன. காலிப்பரைத் தாங்கும் இரும்பு வளைந்துகொடுத்தால் இழுத்த விசை முழுவதும் அந்த வளைவிலேயே வீணாகும் என்பதால், அது பெட்டியின் கனத்த திருகுகளில் இரண்டு மூன்று இடங்களிலாவது பற்றியிருக்க வேண்டும். ஸ்பிரிங் முழுதாக நீளும்போது உந்துதண்டின் கோணம் மாறி ஜாயிண்ட்டின் முனை டிஸ்க்கையோ காலிப்பரையோ உரசுகிறதா என்பதைச் சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தாக வேண்டும். கேபிள் எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகில் போகக் கூடாது. டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் வைப்பதா, அச்சின் பினியன் முனையில் வைப்பதா என்பது நெடுநாள் விவாதம். பினியனில் வைத்தால் உந்துதண்டும் அதன் ஜாயிண்ட்டுகளும் முறிந்தாலும் பிடி நிலைக்கும். ஆனால் டிஸ்க் பாறையின் தாக்குதலுக்கு நேராக இறங்கிவிடுகிறது, கேபிளும் ஆடும் அச்சோடு ஆட வேண்டியதாகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸில் வைத்தால் இவ்விரண்டும் தவிர்க்கப்பட்டு, நான்கு சக்கரங்களையும் பிடிக்கும் வாய்ப்பு கிடைக்கிறது. ஆனால் இடையிலுள்ள ஒரு ஜாயிண்ட் முறிந்தால் பின் அச்சு விடுபட்டுவிடும். பெரும்பாலோர் டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையையே தேர்ந்தனர். எதைத் தேர்ந்தாலும், பற்களுக்கிடையிலான தளர்வு முழுவதும் எடுபடும்வரை வண்டி சற்று நகர்ந்தே நிற்கும் என்பதைப் புதிதாகப் பழகுபவருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

சேற்று வண்டிகளில் இந்த மீட்சி இன்னும் ஒரு படி சென்றது. அமெரிக்க ராணுவத்தின் இரண்டரை டன் லாரியிலிருந்து கழித்துக்கட்டப்பட்ட ராக்வெல் அச்சுகளை வாங்கிப் பொருத்தியவர்கள், 6.72 என்ற அதன் உயர்ந்த பல்விகிதத்தை நம்பி, சக்கரங்களின் கனத்த டிரம்களைக் கழற்றி எறிந்துவிட்டு, பினியனில் வைத்த எண்ணெயழுத்த டிஸ்க்கையே கால் பிரேக்காகவும் ஆக்கிக்கொண்டனர். மாடல் டி ஃபோர்டின் காலத்துக்குப் பின், வண்டியை நிறுத்தும் வேலை மீண்டும் தண்டுக்கு வந்தது. மெதுவாக ஊரும் போட்டி வண்டிக்கு இது பொருந்தலாம். ஆனால் பொதுச்சாலையில் ஓடும் வண்டிக்கு, அச்சுக்குள்ளிருக்கும் தண்டு ஒன்று முறிந்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக்கே இல்லாமல் போகும் இந்த ஏற்பாடு ஏற்கத்தக்கதல்ல.

தொழிற்சாலை வண்டிகளில் தண்டுப் பிரேக்கை நெடுங்காலம் காப்பாற்றியவற்றுள் லேண்ட் ரோவர் டிஃபெண்டர் முதன்மையானது. 2016 ஜனவரி 29 அன்று சாலிஹல் ஆலையிலிருந்து கடைசி வண்டி வெளிவரும்வரை, 1948-இன் அமைப்பு அடிப்படையில் மாறாமல் அதில் தொடர்ந்தது. அதன் பெயரைத் தாங்கி 2020-இல் விற்பனைக்கு வந்த புதிய டிஃபெண்டரிலும், 2021-இல் வந்த ஃபோர்டு பிராங்கோவிலும் சிறு மின்மோட்டார் ஒன்று பின் பிரேக்கை இறுக்குகிறது. இறுக்கிய பிறகு மின்சாரம் நின்றாலும் பிடி தளராமல் இயந்திர அமைப்பே தாங்கிக்கொள்கிறது. இந்தப் புதிய வண்டிகளுக்கும் கனத்த அச்சு தேடும் நாள் வரும்போது, அந்த மின்மோட்டார் பழைய அச்சோடு கழன்றுபோகும். எல்டொராடோ காலிப்பரைத் தேடியவர்கள் எதிர்கொண்ட அதே கேள்வியை அந்தப் பட்டறைகளும் எதிர்கொள்ளும், டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்முனையில் தகடு பொருத்தும் இடம் அப்போதும் இருக்கும்.